கானமயிலைத் தேடி

பாலைவனம் என்று சொன்னதும் உங்கள் மனக்கண் முன் என்ன வருகிறது? கண்ணுக்கெட்டிய தூரம் மணல். மணல்மேட்டின் மேல் ஓர் ஒட்டகம். ஒட்டகத்தின் மேல் முண்டாசு கட்டிய ஓர் ஆசாமி. அவருக்குப் பின்னால், சொல்லி வைத்தாற்போல், அஸ்தமித்துக் கொண்டிருக்கும் சூரியன். காலண்டரில் பார்த்துப் பார்த்து நம் எல்லோருக்கும் மனப்பாடமாகி விட்ட படம். என்னோடு வந்த நம் ஓவியருக்கும் அதே படம்தான் மனப்பாடம். சென்னையில் ரயிலேறும்போதே, "மஞ்சள் வர்ணம் மட்டும் இரண்டு டப்பா அதிகமாக எடுத்துக் கொண்டிருக்கிறேன், ஸார்!" என்று பெருமையாகச் சொன்னார்.

ஜைசல்மேரில் இறங்கிய மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவருக்குத் தேவைப்பட்டது மஞ்சள் வர்ணம் அல்ல, இரண்டாவது கம்பளி. மார்கழிக் குளிர். நம் ஊரில் மார்கழி என்று சொல்லிக்கொண்டு ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கோயிலுக்குப் போகிறோமே, அதெல்லாம் குளிரே அல்ல. காரின் கைப்பிடியைத் தொட்டால் ஐஸ் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. ஓவியருடைய பற்கள் தந்தியடித்துக் கொண்டிருந்தன.

"கம்மா கணி, ஹுகம்!" என்று கும்பிட்டார் டிரைவர். அந்தப் பக்கத்து நமஸ்காரம் அது. 'ஹுகம்' என்பது நம்முடைய 'ஐயா' மாதிரி. ஐம்பத்தைந்து வயது மனிதர். காதில் கடுக்கன், உதட்டின் மேல் மீசை. அந்த மீசையை வர்ணிக்கத் தொடங்கினால் கட்டுரையில் பாதி அதற்கே போய்விடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

"என்ன பார்க்க வேண்டும், ஹுகம்? மணலா, கோடாவணா?"

"கோடாவண்" என்றேன்.

மீசை ஓர் அங்குலம் மேலே ஏறியது. "பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் மணல் என்றுதான் சொல்வார்கள்" என்றார் அவர்.

ராஜஸ்தானிகள் கோடாவண் என்று அழைக்கும் அந்தப் பறவைக்குத் தமிழில் கானமயில் என்று பெயர். பெயர் நம்மிடம் இருக்கிறது, பறவைதான் இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் நடமாடிக் கொண்டிருந்ததுதான். இன்றைக்கு உலகம் முழுவதையும் சலித்தெடுத்தாலும் நூற்றைம்பது தேறாது என்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஜைசல்மேர் ஜில்லாவில்தான் இருக்கின்றன. சாதாரணமாக ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காருகிறவர்களை விடக் குறைவு! அவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குளிர், இந்தக் கார், இந்த மீசைக்காரர் எல்லாம்.

நாங்கள் போன இடத்தின் பெயர் பாலைவன தேசியப் பூங்கா. ஜைசல்மேர், பார்மேர் என்ற இரண்டு ஜில்லாக்களிலும் பரந்து கிடக்கிறது. 1980-ல் ஏற்பட்டது. பெயர்தான் தேசியப் பூங்கா; சட்டப்படி இது ஒரு வனவிலங்குச் சரணாலயம். பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்றால் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். ஏழு சென்னையை உள்ளே வைத்து, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடமும் விடலாம். பூங்கா என்றதும் சுற்றிலும் வேலி, வாசலில் கேட், கேட்டில் டிக்கெட் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே கிராமங்கள் இருக்கின்றன. ஆடு மேய்க்கிறார்கள், கம்பு விதைக்கிறார்கள், குழந்தைகளுக்குக் காது குத்துகிறார்கள்.

ஜைசல்மேரிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் சம் என்று ஓர் ஊர். காலண்டர்ப் படம் அங்கே அச்சு அசலாக இருக்கிறது. மணல்மேடுகள், மணியும் குஞ்சமும் கட்டிய ஒட்டகங்கள், வரிசை வரிசையாகக் கூடாரங்கள். ராத்திரியில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டும் ஆட்டமும் உண்டாம். ஓவியர், "ஆஹா!" என்று டப்பாவைத் திறக்கப் போனார். டிரைவர் காரை நிறுத்தவே இல்லை.

"இது பாலைவனம் இல்லை, ஹுகம். இது கடைத்தெரு" என்றார். சம்மைத் தாண்டிக் கார் ஒரு குறுகலான பாதையில் திரும்பியது.

அதன் பிறகு நாங்கள் பார்த்தது மணல் அல்ல, புல். கொத்துக் கொத்தாய், முழங்கால் உயரம், மங்கிய பொன் நிறத்தில், அடிவானம் வரையில் புல். சேவண் என்று பெயர். பல மாதம் மழையே இல்லாவிட்டாலும் வேரில் உயிரை வைத்துக் கொண்டு காத்திருக்குமாம். நடுநடுவே எருக்கு, நம் பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே குடும்பம்தான். அப்புறம் ஒரு முள் மரம். அதைக் காட்டி, "கேஜ்ரி" என்றார் டிரைவர். எனக்கு எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், அட, நம்முடைய வன்னி மரம்! நம்மூரில் சில சிவன் கோயில்களில் ஸ்தல விருட்சமாக, சுற்றிலும் மேடை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து நிற்கிற அதே வன்னி, இங்கே ராஜஸ்தானின் அரசாங்க மரம். அதன் காயைக் கறி செய்கிறார்கள். தழையை ஆடு தின்கிறது. சொந்தக்காரர் ஒருவரை அயலூர்ச் சந்தையில் பார்த்தாற்போல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மான்கள் இரண்டு பாதையைக் கடந்தன. சிங்காரா என்று பெயர், பெயருக்கேற்ற சிங்காரம்தான். வால் நுனியை மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தாற்போன்ற ஒரு குட்டி நரி, எங்களை நின்று பார்த்துவிட்டு, பிரயோஜனமில்லாதவர்கள் என்று தீர்மானித்துப் போய்விட்டது.

சுதாசரி என்ற இடத்தில் கானமயிலுக்காகவே வேலியிட்டு ஒதுக்கிய புல்வெளி இருக்கிறது. அநுமதிச் சீட்டைக் காட்டினோம். வனக் காவலர் ஒருவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: காரை விட்டு இறங்கக் கூடாது. நடக்கிற மனிதனைக் கண்டால் அந்தப் பறவை ஓடிவிடுமாம். காரைக் கண்டால் அவ்வளவு பயப்படாதாம். எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி ஆயிற்று. வெயில் ஏறி, போர்த்தியிருந்த கம்பளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பிளாஸ்க்கில் கொண்டு வந்த காப்பி தீர்ந்தது. ஓவியர் எருக்கஞ்செடியை மூன்று முறை வரைந்து முடித்தார். அப்போது டிரைவர், உதடு அசையாமல், "வலது பக்கம்" என்றார்.

புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து தெரிந்தது. கழுத்தின் உச்சியில் கறுப்புத் தொப்பி. முதலில் அது ஒரு கம்பம் என்றுதான் நினைத்தேன். கம்பம் ஓர் அடி எடுத்து வைத்தது! நிதானமாக, புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக் கொண்டு ஈரத் தரையில் நடக்கிற பெரிய வீட்டுப் பாட்டியைப் போல, ஒவ்வோர் அடியாக அளந்து வைத்து வந்தது. நல்ல உயரம், ஒரு மீட்டர் இருக்கும். பழுப்பு முதுகு, வெள்ளை மார்பு, மார்பில் ஒரு கறுப்புப் பட்டை. குனிந்தது, எதையோ கொத்தியது, நிமிர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வந்தன. மூன்றும் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. ஓவியர் பென்சிலை எடுக்க மறந்துவிட்டார். நான் மூச்சுவிட மறந்துவிட்டேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். பிறகு புல் அவற்றை மூடிக்கொண்டது.

நூற்றைம்பதில் மூன்று!

இந்தப் பறவையின் குடும்ப விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பறக்கும் பறவைகளில் மிகவும் கனமானவற்றில் இது ஒன்று. சேவல் பதினைந்து கிலோ வரைகூட இருக்கும். பெட்டை வழக்கமாக ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. கூடு கிடையாது; வெறுந்தரைதான். அடை காப்பது, குஞ்சை வளர்ப்பது எல்லாம் தாயின் பொறுப்பு. தகப்பனார் கோடையிலும் மழைக்காலத்திலும் தொண்டைப் பையை உப்ப வைத்துக் கொண்டு, தூரத்தில் முரசு அடித்தாற்போல் குரல் கொடுத்து, நாட்டியமாடிவிட்டுப் போனால் போனதுதான். (இதைப் படிக்கும் சகோதரிகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) அந்த ஒரு முட்டையை நாயோ நரியோ கொண்டு போய்விட்டால் பெரும்பாலும் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நம் தேசியப் பறவையாக இதைத்தான் வைக்க வேண்டும் என்று பறவை நிபுணர் ஸாலிம் அலி விரும்பினார். 1963-ல் மயிலுக்குத்தான் அந்தக் கௌரவம் கிடைத்தது. கானமயிலின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் விபரீதமாகிவிடும் என்று பயந்துதான் விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு! கதை எப்படியோ, அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஒட்டகத்திலும் குதிரையிலும் போய் வேட்டையாடிய காலத்தில் எப்படியோ தப்பிப் பிழைத்த பறவை அது. ஜீப் வந்த பிறகு தப்ப முடியவில்லை. திறந்த புல்வெளியில் ஜீப்புக்கு எதிரே எத்தனை தூரம்தான் ஓட முடியும்? 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆனால் புல்வெளியை யார் காப்பாற்றுவது? காடு என்றால் மரம் இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். மரமில்லாத நிலம் சர்க்கார் ரிகார்டில் தரிசு. தரிசைக் கண்டால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது.

சம் பக்கத்தில் 2019-ல் ஒரு பண்ணை தொடங்கினார்கள். புல்வெளியில் கிடைத்த முட்டைகளை எடுத்து வந்து, இயந்திரத்தில் வைத்துப் பொரித்து, தாதிபோல் ஊட்டி வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த டோனி என்ற பெட்டைக்கு 2024-ல் ஒரு விசேஷம் நடந்தது. மாப்பிள்ளை இருந்தது ராம்தேவ்ரா என்ற வேறோர் ஊர்ப் பண்ணையில். இருவரும் சந்திக்கவே இல்லை. செயற்கை முறையில் கருத்தரிக்க வைத்தார்கள். செப்டம்பரில் டோனி முட்டையிட்டது. அக்டோபரில் குஞ்சு பொரிந்தது. கானமயிலில் இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சுதா! நம் ஊரில் சுதா என்றால் அடுத்த வீட்டுப் பெண்.

பதினோரு மணிக்குத் திரும்பினோம். வந்த வழியாகவே போயிருக்கலாம். "குறுக்கு வழி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டது அடியேன்தான். டிரைவர் ஒரு விநாடி தயங்கினார். விருந்தாளி கேட்டுவிட்டானே என்று திருப்பினார். அரைக் கிலோமீட்டர் போனதும் கார் ஒரு பெருமூச்சு விட்டு மணலில் உட்கார்ந்துவிட்டது.

மத்தியமா பரீட்சை பாஸ் செய்த என் ஹிந்தியில் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று யோசித்துக் கொண்டிருந்தேன். டிரைவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். டயர் தட்டையானால் மணலில் அகலமாக உட்காரும், புதையாது என்று விளக்கினார். ஆனாலும் கார் நகரவில்லை. அப்போதுதான் எதிரே இரண்டு பெண்கள் வந்தார்கள். தலையில் குடத்துக்கு மேல் குடம், முகத்தில் முக்காடு.

"பாபிசா, கொஞ்சம் கை கொடுங்கள்" என்றார் டிரைவர். அண்ணி என்று அர்த்தம்.

பெரியவள் முதலில் குடங்களை இறக்கினாள். அந்த நேர்த்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சும்மாட்டைத் தரையில் வைத்து, அதன்மேல் குடத்தை வைத்து, சாய்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்து, துணியால் வாயை மூடிய பிறகுதான் காரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை. புதரை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போடச் சொன்னாள். சாக்கு இருந்தால் எடுக்கச் சொன்னாள். சாக்கு இல்லை, ஓவியரின் இரண்டாவது கம்பளி இருந்தது. அதுவும் போயிற்று. அவர்கள் இருவரும், நாங்கள் இருவருமாகத் தள்ள, கார் வெளியே வந்தது.

பக்கத்திலேயே அவர்கள் குடிசை. மோர் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். கம்பு ரொட்டியும், கேர்-சாங்ரி என்ற கறியும் வந்தன. கேர் என்பது சுண்டைக்காய் அளவில் ஒரு பாலைவனக் காய். சாங்ரி, நான் சொன்னேனே, நம் வன்னி மரத்துக் காய். இரண்டையும் வெயிலில் உலர்த்தி, வருஷம் முழுவதும் வைத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, எண்ணெயில் மிளகாயும் ஓமமும் போட்டு வதக்குகிறார்கள். நம் மணத்தக்காளி வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் எந்தப் புத்தியில் பிறந்தனவோ, அதே புத்திதான்.

"உங்கள் ஊரில் எவ்வளவு மழை பெய்யும்?" என்று கேட்டாள் பெரியவள்.

வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றேன். ஜைசல்மேரில் 200-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். டிரைவர் கையால் தரையிலிருந்து தம் மார்புக்கு மேல் வரை அளந்து காட்டினார். அவளுக்கு வாயடைத்துப் போயிற்று.

"அவ்வளவு தண்ணீரையும் எங்கே வைப்பீர்கள்?"

நான் என்ன சொல்லட்டும்? கடலில் விட்டுவிடுவோம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 2019-ல் சென்னையில் தண்ணீர் இல்லாமல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டு வந்த கதையையும் சொல்லித் தொலைத்தேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு எங்களை வாசலுக்கு அழைத்துப் போய் 'டாங்கா'வைக் காட்டினாள். தரைக்குள் ஒரு தொட்டி. சுற்றிலும் சரிவாக இறுக்கி மெழுகிய களம். மழைக்கு முன்னால் களத்தைப் பெருக்கி வைத்துவிட்டால், விழுகிற மழையெல்லாம் சரிந்து தொட்டிக்குள் போய்விடும். அந்தக் களத்தில் யாரும் செருப்போடு நடக்க மாட்டார்கள். இந்தச் சீமையில் முன்பு வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாறைச் சரிவில் ஓடி வருகிற மழையைத் தாழ்வான இடத்தில் கரை கட்டி நிறுத்தி, நிலம் குடித்து முடித்த பிறகு, அந்த ஈரத்திலேயே கோதுமை விதைத்தார்கள். 'கடீன்' என்று பெயர். அப்புறம் ஒரு துளி மழை வேண்டாம். பாலைவனத்தில் கோதுமை! அவர்கள் ஊர்களில் ஒன்றான குல்தாரா, ஜைசல்மேர்-சம் சாலைக்கு அருகில் கூரையில்லாத வீடுகளோடு பாழடைந்து கிடக்கிறது. பேய் இருக்கிறது என்று சொல்லி அதைக் காட்டுகிறார்கள். பேயைவிடக் கரைதான் பார்க்க வேண்டிய பொருள் என்பது என் அபிப்பிராயம்.

கோடாவணைப் பற்றிக் கேட்டேன். "நான் கல்யாணமாகி வந்தபோது ஆட்டோடு ஆடாக நிற்கும். வெட்டுக்கிளியைத் தின்னும், எங்களுக்கு நல்லதுதான்" என்றாள். சரணாலயத்துக்குள் ஊர் இருப்பதால் நல்ல ரோடு கிடையாது, மின்சாரம் வருவதற்கும் ஆயிரம் தடை என்றாள்.

"அப்படியானால் பறவையின் மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"பறவையா வந்து ரோடு போடாதே என்றது?" என்று கேட்டுவிட்டு, மோர்ச் செம்பை மறுபடியும் நிரப்பினாள்.

சாயங்காலம் பூங்காவைத் தாண்டி வெளியே வந்தோம். காலையில் இருட்டில் தெரியாமல் போன ஒரு காட்சி இப்போது தெரிந்தது. காற்றாடிகள். இந்த ஜில்லாவில் முளைத்துவிட்டவை. அவற்றோடு சூரிய ஒளித் தகடுகள். இரண்டிலிருந்தும் புறப்பட்டு, கம்பத்துக்குக் கம்பம், வானத்தைக் கோடு போட்ட நோட்டுப் புத்தகமாக்கிக் கொண்டு போகும் கம்பிகள். புகையில்லாத மின்சாரம், உலகத்துக்கு நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. நம் வீட்டு மிக்ஸியும் பிரிட்ஜும் கேட்பதும் மின்சாரத்தைத்தான். ஆனால் கானமயிலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. நேர் எதிரே உள்ளது சரியாகத் தெரியாது. தெரிந்தாலும், அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது.

இந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பறவை வாழும் இடங்களில் கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்க வேண்டும் என்று 2021-ல் உத்தரவாயிற்று. அவ்வளவு பெரிய பரப்பில் அது முடியாத காரியம், பெருஞ்செலவு என்று எதிர்வாதம். 2024-ல் உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை நியமித்தார்கள். சில கம்பிகளில் பறவைக்குத் தெரிவதற்காக வட்ட வட்டமான தகடுகளை மாட்டியிருக்கிறார்கள். சுழன்று மின்னிக் கொண்டிருந்தன. பல கம்பிகளில் எதுவும் இல்லை.

டிரைவர் ஓரிடத்தில் காரை நிறுத்தினார். "இங்கேதான் ஒரு நாள் பார்த்தேன், ஹுகம். பெட்டை. முதலில் யாரோ சால்வையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுக்கலாம் என்று இறங்கினேன்." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கியரை மாற்றினார்.

ஜைசல்மேருக்கு வந்து சேரும்போது கோட்டையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஓட்டலில் ஓவியர் தம் படத்தை எடுத்துக் காட்டினார். வன்னி மரத்தின் கிளையில் கம்பீரமாக ஒரு கானமயில். டிரைவர் நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது, ஹுகம். ஆனால் கோடாவண் மரத்தில் உட்காராது. அதற்குக் காலில் பின் விரல் கிடையாது. கிளையைப் பிடிக்க முடியாது. தரைதான் அதற்கு எல்லாம்."

ஓவியர் ரப்பரை எடுத்துக் கிளையை அழித்தார். பிறகு மரத்தையும் அழித்தார். பறவையின் காலடியில் புல்லைப் போடத் தொடங்கினார். மஞ்சள் டப்பாக்கள் இரண்டும் மூடியைத் திறக்காமலே சென்னைக்குத் திரும்பி வந்தன.